தேர்வில் நிறுத்தக்குறி சரியாகப் போடும் பிள்ளைகள், சொந்தமாக எழுதும்போது ஏன் போடுவதில்லை? 2, 3-ஆம் வகுப்புக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது, எப்படி மதிப்பிடுவது?

'பொருத்தமான நிறுத்தக்குறி இடுக' என்று கொடுத்தால் முழு மதிப்பெண், நாலு வரி சொந்தமாக எழுதச் சொன்னால் ஒரு புள்ளிகூட இல்லை என்கிறீர்கள். எல்லா வகுப்பிலும் இதே கதைதான், உங்கள் பிள்ளைகளிடம் குறை எதுவும் இல்லை. அந்தக் கேள்வியில் வாக்கியத்தை நாமே வெட்டிக் கொடுத்துவிடுகிறோம். 'யார், எங்கே, ஏன்' கண்ணில் பட்டால் வினாக்குறி, 'ஆகா, ஐயோ' பட்டால் உணர்ச்சிக்குறி, மீதிக்கெல்லாம் புள்ளி. வாக்கியத்தைப் படிக்காமலேயே போட்டுவிடலாம். வாக்கியம் எங்கே முடிகிறது என்பதுதான் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது, அதைத்தான் எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

என் வகுப்பில் (அரசு தொடக்கப் பள்ளி, இப்போது 3-ஆம் வகுப்பு) ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் ஒரு பிள்ளை எழுதியது இது:

"நேத்து எங்க ஊர்ல திருவிழா நான் ராட்டினத்துல ஏறினேன் பயமா இருந்துச்சு அப்பா சிரிச்சாங்க அம்மா பஞ்சுமிட்டாய் வாங்கி குடுத்தாங்க"

இதில் சிவப்பு மையால் ஐந்து புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. நான் இதை அப்படியே கரும்பலகையில் எழுதி, மூச்சு விடாமல் படித்துக் காட்டுவேன், வகுப்பே சிரிக்கும். அப்புறம் மெதுவாகப் படித்தபடி, 'முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?' என்று ஒவ்வொரு சொல்லிலும் கேட்பேன், முடிந்த இடத்தில் எல்லாரும் கை தட்ட வேண்டும். ஏறினேன், தட்டு. இருந்துச்சு, தட்டு. 'வாங்கி' என்று நிறுத்தினால் யாரும் தட்ட மாட்டார்கள், 'வாங்கி என்ன பண்ணாங்க?' என்று அவர்களே கேட்பார்கள். வினைமுற்று, வினையெச்சம் என்ற பெயர்கள் 3-ஆம் வகுப்புக்குத் தேவையில்லை, ஆனால் விஷயம் ஏற்கெனவே காதில் இருக்கிறது. தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால் நமக்கு இந்த வசதி.

ஆனால் அதை விதியாகச் சொல்லிவிடாதீர்கள், உடனே இரண்டு இடத்தில் உடையும். 'நேத்து எங்க ஊர்ல திருவிழா' என்பதில் வினையே இல்லை. 1-ஆம் வகுப்புப் பிள்ளை முதன்முதலில் எழுதும் 'இது பூ', 'என் பெயர் செல்வி' எல்லாம் இப்படித்தான். இன்னொன்று, 'அம்மா சீக்கிரம் வா என்று கூப்பிட்டார்'. பாதிப் பிள்ளைகள் 'வா'வில் தட்டிவிடுவார்கள். தட்டட்டும், நல்ல இடம் அது, 'யார் வான்னு சொன்னது?' என்று கேட்டு மேற்கோள்குறியை அங்கேயே அறிமுகம் செய்துவிடலாம்.

வினாக்குறிக்கு நான் செய்வது வேறு. 'நீ நேற்று கடைக்குப் போனாய்' என்று எழுதி, ஒரு 'ஆ'வைக் கையில் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் ஒட்டச் சொல்வேன். நீயா நேற்று கடைக்குப் போனாய்? இல்லை, அக்கா. நீ நேற்றா கடைக்குப் போனாய்? இல்லை, முந்தாநாள். நீ நேற்று கடைக்கா போனாய்? இல்லை, கோயிலுக்கு. குறி ஒரே இடத்தில் நிற்க, கேள்வி மட்டும் நகர்வதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 'இல்லை' சொன்னபின் கொஞ்சம் நிறுத்துவது காற்புள்ளி என்பதும் இலவசமாக வந்துவிடுகிறது. காற்புள்ளியில் இன்னும் ஒன்று போதும்: பேனா, பென்சில், அளவுகோல் என்று அடுக்கினால் போடு, பேனாவும் பென்சிலும் அளவுகோலும் என்று 'உம்' வந்தால் போடாதே.

இலக்கணத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பேச்சும் எழுத்தும் பிரியும் இடத்தில். மரம் மரங்கள், கல் கற்கள் என்று பொருத்தச் சொன்னால் பொருத்துவார்கள், வாக்கியத்தில் 'மாடுகள் வந்தது' என்றுதான் எழுதுவார்கள், ஏனென்றால் வீட்டில் 'மாடுங்க வந்துச்சு'. பெரியவர்கள் பத்திரிகையிலேயே அப்படி எழுதுகிறார்கள், ஏழு வயதுப் பிள்ளையை என்ன சொல்ல! திருவிழா எழுதிய அன்று இதில் கை வைக்காதீர்கள். புள்ளி பார்க்கும் நாளில் புள்ளி மட்டும், 'இருந்துச்சு'வை 'இருந்தது' ஆக்குவது இன்னொரு நாள். ஒற்று விஷயத்தில் காதுக்குக் கேட்கிறதை மட்டும் எடுங்கள்: அந்தப் பையன், பள்ளிக்குப் போனேன், பாடத்தைப் படித்தேன். பேச்சிலேயே அழுத்தம் கேட்கிறது, எழுதிவிடுவார்கள். மற்ற ஒற்றெல்லாம் மேல் வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். 2022-23இல் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு 1 முதல் 3 வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கிறோம். அந்தப் பதிவைச் செய்யுங்கள், அது தனி. நான் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், அதில் மதிப்பெண் கிடையாது. குறி இல்லாத ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கவிட்டு எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பேன், அதே வாரம் சொந்தமாக எழுதியதில் எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். படிக்கும்போது சரியாக நின்று, எழுதும்போது விடுகிற பிள்ளைக்கு இலக்கணம் தெரியும், கைதான் பின்தங்குகிறது, எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் போதும். படிக்கும்போதே நிற்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும். தேர்வுத்தாளில் இரண்டு பேரும் 10க்கு 10 வாங்கியிருப்பார்கள்!

குறிகளின் பெயரையும் விதியையும் கேட்டுத் தேர்வு வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். 2016இல் அங்கே ஏழு வயதுப் பிள்ளைகளின் மதிப்பீட்டுக்கு, 'வாட்' அல்லது 'ஹவ்' என்று தொடங்கினால்தான் அது உணர்ச்சி வாக்கியம் என்று கல்வித்துறை வரையறை கொடுத்தது. ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த வயதுக்கான இலக்கணத் தாளின் எழுத்துக்கூட்டல் பகுதி அதே ஆண்டு மாதிரித்தாளாக முன்கூட்டியே இணையத்தில் வெளியாகிவிட, தேர்வு கட்டாயமில்லை என்று கைவிட்டார்கள். 2023-24இலிருந்து அந்த வயதுத் தேர்வுகளே பள்ளிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டுவிட்டன.

உணர்ச்சிக்குறியை எப்போது தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். கடைசியாக. கற்றுக்கொண்ட வாரம் 'சோறு சாப்பிட்டேன்!!!' என்றெல்லாம் வரும், ஒன்று போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.