மந்திரத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

அன்புள்ள சார்,

ட்ரூடி கேனவனின் ‘பிளாக் மெஜிஷியன்’ என்ற மிகைபுனைவு (ஃபேன்டசி) நாவலின் மூன்று பாகங்களையும் போன வாரம் படித்து முடித்தேன். வேலைக்குப் போய்வரும் ரயிலிலேயே முழுக்கப் படித்தது. குடிசைப் பகுதியில் வளர்ந்த சோனியா என்ற பெண்ணிடம் மந்திர சக்தி இருப்பது தற்செயலாகத் தெரியவருகிறது. மந்திரவாதிகள் அவளைத் தேடுகிறார்கள், திருடர்கள் ஒளித்துவைக்கிறார்கள். முதல் பாகத்தில் பாதிவரை அவள் ஒளிந்துகொண்டே இருப்பது எனக்கு அலுப்பாக இருந்தது. ஆனால் இரண்டாம் பாகத்துக்குள் போனபிறகு கீழே வைக்க மனம் வரவில்லை.

என் கணவர் வரலாற்றுப் புத்தகங்கள் மட்டுமே படிப்பவர். நான் கதையைச் சொன்னதும், "மந்திரத்தை எடுத்துட்டா இது சாதாரண அதிகாரப் போட்டிதானே? அதுக்கு நேரா முகலாயர் வரலாற்றையே படிக்கலாமே" என்றார். "மந்திரம் வெறும் மேல்பூச்சு, உள்ளே இருப்பது அரசியல்தான்" என்று சமாளித்தேன். அது சரியான பதிலா என்று எனக்கே சந்தேகம்.

இன்னொன்று. இந்த மாதிரிக் கதைகளில் திருடர்கள் ஏன் எப்போதும் நல்லவர்களாகவே வருகிறார்கள்? அப்புறம், 12 வயது மகள் புத்தகத்தைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

அன்புடன்,
க.,
செங்கல்பட்டு

அன்புள்ள க.,

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. மேல்பூச்சு என்று நீங்கள் ஒப்புக்கொண்ட நிமிடமே அவர் ஜெயித்துவிட்டார். மிகைபுனைவு வாசகர்களில் பாதிப் பேர் வெளியாளிடம் இந்தப் பதிலைத்தான் சொல்கிறார்கள். படிப்பதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வது அது. மோசமான புத்தகங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். இந்த மூன்று பாகங்களுக்குப் பொருந்தாது. இங்கே மந்திரத்தை உருவினால் அரசியலும் கூடவே கழன்று வந்துவிடும்.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கைராலியா நாட்டின் தலைநகர் இமார்டினில் ஆண்டுதோறும் ஒரு ‘சுத்திகரிப்பு’ நடக்கிறது. அரசன் ஆணைப்படி மந்திரவாதிகள் வரிசையாக நின்று பிச்சைக்காரர்களையும் வீடற்றவர்களையும் நகரத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மந்திரத் தடுப்பு. இளவட்டங்கள் கல்லெறிகிறார்கள், கல் தடுப்பில் பட்டு விழுகிறது. எறிகிறவனுக்கும் அது படாது என்று தெரியும். உள்ளே நிற்கிற மந்திரவாதிகளோ தங்களுக்குள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சுதான் உறைத்தது. அத்தனை பேரின் ஆத்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அலுப்போடு அரட்டை அடிக்க முடிகிறதென்றால், அந்தத் தடுப்பு எத்தனை காலமாக அவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும்!

சோனியா எறிந்த கல் மட்டும் உள்ளே போய் ஃபெர்கன் என்கிற மந்திரவாதியின் நெற்றிப்பொட்டில் படுகிறது. அவன் சுருண்டு விழுகிறான். பதற்றத்தில் திருப்பித் தாக்குகிறார்கள், சம்பந்தமே இல்லாத ஒரு பையன் கருகிச் சாகிறான். பிறகுதான் தேடுதல் வேட்டை தொடங்குகிறது. ஒரு ஆள் அடிபட்டதற்காக நகரத்தையே யாரும் சல்லடை போடுவதில்லை. அந்த உலகத்தில் மந்திர ஆற்றல் எந்தக் குழந்தைக்கும் இருக்கலாம். ஆனால் ஒரு மந்திரவாதி திறந்துவிட்டால்தான் அது வெளிப்படும். மந்திரவாதிகளின் சங்கமான கில்டு பெரிய வீட்டுப் பிள்ளைகளை மட்டும்தான் சோதித்துப் பார்க்கிறது. ஆகவே மந்திரம் பெரிய வீட்டுச் சொத்து என்பது நிரூபணமான உண்மை மாதிரியே நின்றுவிட்டது. யாரும் திறந்துவிடாமல் தானாகவே வெடித்துக்கொண்டு வந்த ஒருத்தி அந்தக் கணக்கைக் குலைக்கிறாள். வெறும் அரசியல் நாவலாக இருந்தால் இதைச் சொல்ல ஒரு சீர்திருத்தவாதியைக் கொண்டுவந்து பத்துப் பக்கம் பேசவைக்க வேண்டியிருக்கும். இங்கே ஒரு கல் போதும்.

இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று கேனவனே சொல்லியிருக்கிறார். பார்சிலோனா ஒலிம்பிக்ஸுக்காக, அதாவது 1992ஆம் ஆண்டுப் போட்டிகளுக்காக, வீடற்றவர்களை நகரத்திலிருந்து அப்புறப்படுத்தியது பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டுத் தூங்கப்போனவருக்கு வந்த கனவு அது. கனவில் போலீஸுக்குப் பதிலாக மந்திரவாதிகள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள், வரலாற்றுக்காரருக்குப் பிடிக்கும். முதல் பாகம் 2001இல் வந்தது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில்.

ஒளிந்து திரியும் பகுதி அலுப்பு என்கிறீர்கள். ஒரு அறுபது பக்கத்தை வெட்டியிருக்கலாம், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் திருடர்கள் நல்லவர்கள் என்கிற உங்கள் எண்ணத்துக்கு மறுப்பு அங்கேதான் இருக்கிறது. இமார்டினில் திருடன் என்றால் பிக்பாக்கெட் அடிப்பவன் கிடையாது, ஒரு வட்டாரத்தையே கையில் வைத்திருக்கும் தாதா. சோனியாவின் நண்பன் செரி, ஃபாரென் என்ற திருடனிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்கிறான். ஃபாரென் இரக்கப்பட்டா சம்மதிக்கிறான்? அவள் மந்திரம் அவனுக்கு வேலை செய்ய வேண்டும், அதுதான் பேச்சு. கில்டுக்கு வெளியே ஒரு மந்திரவாதி கைவசம் இருந்தால் மற்ற திருடர்கள் மத்தியில் அவன் நிலை என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு அவள் சக்தி கட்டுமீறிப்போய் கண்ட இடத்திலும் தீப்பற்ற ஆரம்பித்ததும், அதே ஃபாரென் அவளை மந்திரவாதிகளிடமே ஒப்படைத்துவிடுகிறான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது, விட்டிருந்தால் அவள் தானும் செத்து ஊரையும் அழித்திருப்பாள். ஆனாலும் ஒப்படைப்பு ஒப்படைப்புதான். நாம் திருடர்களை நல்லவர்களாக நினைக்கக் காரணம், அவர்கள் போடும் நிபந்தனை நமக்கு வெளிப்படையாகத் தெரிவது. கில்டு போடும் நிபந்தனை சட்டம் என்ற பெயரில் வருகிறது.

திருடனும் மந்திரமும் சேர்ந்தே வருவது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். கோவலனைக் காட்டி, இவனைப் பார்த்தால் கள்வன் மாதிரி இல்லையே என்று காவலர்கள் தயங்கும்போது, பொற்கொல்லன் கள்வருக்குத் துணையான எட்டு விஷயங்களை அடுக்குகிறான். மந்திரம்தான் முதலில் வருகிறது. நகையை எடுத்த உண்மைக் கள்வன், அரண்மனைக்குள் மரியாதையோடு போய்வருகிற அந்தப் பேச்சாளனே. கேனவனின் ஃபெர்கனைப் படிக்கும்போது எனக்கு அவன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சூழ்ச்சிக் கதை எழுதுகிறவர்கள் பொதுவாக ஓடி ஒளிகிற ஒரு சக்தியைக் கேனவன் வேண்டுமென்றே உள்ளே கொண்டுவந்திருக்கிறார்: மனத்தைப் படிக்கும் சக்தி. நினைவைத் திறந்து பார்க்க முடிகிற ஊரில் சதி எப்படி நடக்கும்? சம்மதமில்லாதவரின் நினைவைப் படிக்க முடியாது என்பது கில்டின் நம்பிக்கை. ஒருவர் சம்மதித்து உண்மையைக் காட்டலாம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் பாருங்கள்.

முதல் பாகத்தின் முடிவில் விசாரணை. கில்டில் சோனியாவுக்கு யார் காப்பாளர், அன்பான மந்திரவாதி ரோத்தெனா அல்லது அடிபட்ட ஃபெர்கனா? செரியைப் பல்கலைக்கழகத்துக்கு அடியில் அடைத்துவைத்துக்கொண்டு, தனக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்படி ஃபெர்கன் அவளை மிரட்டியிருக்கிறான். அவளைச் சேர்த்து, பிறகு அவமானப்படுத்தி வெளியேற்றினால் இனி ஏழை எவரையும் கில்டுக்குள் விடமாட்டார்கள் என்பது அவன் திட்டம். செரி மீட்கப்பட்டதும் மிரட்டல் உடைகிறது. நடந்ததை உறுதிசெய்யத் தன் நினைவைப் பார்க்க அவள் சம்மதிக்கிறாள். நிர்வாகி லோர்லென் உள்ளே பார்க்கிறார். அவளுக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. கூடவே, கில்டின் தலைவன் அக்காரின் தடைசெய்யப்பட்ட கருப்பு மந்திரம் செய்வதை அவள் ஒரு இரவு ஒளிந்திருந்து பார்த்த காட்சியும் லோர்லெனுக்குத் தெரிந்துவிடுகிறது. அக்காரின் அவருடைய நெடுநாள் நண்பன். கில்டு முழுவதும் சேர்ந்தாலும் வெல்ல முடியுமா என்று தெரியாத பலசாலி. மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க, லோர்லென் முகத்தில் எதையும் காட்டாமல் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். உண்மை வெளிவந்த அதே விநாடி அடுத்த மறைப்பு தொடங்குகிறது. எந்த முகலாய அவையில் இது நடக்கும்?

இரண்டாம் பாகத்தில் இது இன்னும் இறுகுகிறது. சம்மதமில்லாமலே மனத்தைப் படிக்க அக்காரினுக்குத் தெரியும். லோர்லெனுக்கும் ரோத்தெனுக்கும் தெரிந்ததை அவன் தெரிந்துகொள்கிறான். அவர்கள் வாயைத் திறக்காமல் இருக்க சோனியாவைத் தன் மாணவியாக எடுத்துக்கொள்கிறான். ஊர் கண்ணுக்கு அது பெரிய கௌரவம், தலைவனின் சொந்த மாணவி! உண்மையில் அவள் பணயக்கைதி. அவள் எதற்காகத் துன்பப்படுகிறாளோ அதற்காகவே சக மாணவன் ரெஜினும் அவன் கூட்டமும் பொறாமைப்பட்டு அவளை அடிக்கிறார்கள். அந்த அடிதடி அத்தியாயங்கள் கொஞ்சம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகின்றன, உண்மைதான். ஆனால் அவளால் யாரிடமும் முறையிட முடியாத நிலை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

கில்டின் தூதன் டானிலை நீங்கள் குறிப்பிடவே இல்லை. நிறையப் பேர் அந்தத் தூதர் பகுதிகளைப் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு மூன்று பாகங்களிலும் மிகவும் பிடித்த சூழ்ச்சி அவனுடையது. எலைன் நாட்டுப் பிரபுக்கள் சிலர் கில்டுக்குத் தெரியாமல் மந்திரம் கற்க முயல்கிறார்கள். அவர்கள் ஒரு கில்டு ஆளை நம்ப வேண்டுமென்றால், அவன் குடுமி அவர்கள் கையில் இருக்க வேண்டும். டானிலுக்கும் டாயெண்ட் என்ற அறிஞனுக்கும் இடையே காதல். கைராலியாவில் அது வெளியே தெரிந்தால் டானில் வாழ்க்கை முடிந்தது. அந்த ரகசியத்தையே தூண்டிலில் மாட்டச் சொல்கிறான் அக்காரின். வேலை முடிந்ததும், அதெல்லாம் அவர்களை ஏமாற்றப் போட்ட வேஷம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆகவே டானில் உண்மையாக இருப்பதற்கு உத்தியோகபூர்வ அனுமதி கிடைக்கிறது, பொய் என்ற பெயரில். இதில் மந்திரம் துளியும் இல்லை என்று கணவர் சொல்வார். அனுமதியில்லாமல் மந்திரம் கற்பது குற்றம் என்ற சட்டம் இல்லாவிட்டால் இந்தச் சதிக்கே வேலையில்லை.

கருப்பு மந்திரம் என்பதும் இந்த நாவல்களில் பேய் பிசாசு விவகாரம் இல்லை. கில்டு மந்திரவாதியின் பலம் அவன் உடம்பில் ஊறுவதோடு சரி. கருப்பு மந்திரவாதி தோலைக் கீறி அடுத்தவர் சக்தியை இழுத்துச் சேமித்துக்கொள்ள முடியும். பக்கத்து நாடான சச்சாகாவின் இச்சானிகள் என்ற மந்திரவாதிகள் அடிமைகளிடமிருந்து இப்படி எடுத்துக்கொண்டேயிருக்கிறார்கள். எத்தனை அடிமை இருக்கிறானோ அத்தனை பலம். அதை அறவே தடைசெய்த கில்டு, ஆபத்து வரும்போது நிராயுதபாணியாக நிற்கிறது. அதைத் தெரிந்த அக்காரின், சோனியா இருவரையும் நாடுகடத்தியிருப்பதும் அந்தக் கில்டுதான். அவர்கள் திரும்பிவந்து ரகசியமாக யாரிடம் சக்தி வாங்குகிறார்கள்? செரி திரட்டிக்கொண்டுவரும் குடிசைப் பகுதி மக்களிடம். யாரும் சோதித்தே பார்க்காத அந்த ஆற்றல் அங்கே அப்படியே கிடந்தது. முதல் அத்தியாயத்தில் துரத்தப்பட்டவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். இச்சானிகள் மட்டும் கொஞ்சம் அட்டை வில்லன்கள், அந்த ஊரிலிருந்து ஒரு நல்ல எதிராளியை அவர் தந்திருக்கலாம்.

தொடர்ந்து படிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள். 2009இல் வந்த ‘தி மெஜிஷியன்ஸ் அப்ரெண்டிஸ்’ பல நூற்றாண்டு முந்தைய கதை. கருப்பு மந்திரம் சாதாரண நடைமுறையாக இருந்த காலம், கில்டு இன்னும் பிறக்கவில்லை. அதை முதலில் படியுங்கள். சோனியாவின் மகன் வரும் அடுத்த மூன்று பாகங்கள் 2010 முதல் 2012 வரை வந்தவை, அவசரமில்லை.

மகளுக்கு முதல் பாகத்தை இப்போதே கொடுங்கள். இரண்டாவதில் வகுப்புச் சக மாணவர்கள் கூட்டாக அடிக்கும் பகுதிகள் கடுமையானவை. மூன்றாவதில் கொலையும் காதலும் பெரியவர்களுக்கானவை, ஓரிரண்டு வருஷம் போகட்டும். அவளாகவே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டால் பிடுங்காதீர்கள்.