பலர் கைபடும் ஆவணம்: எந்த மென்பொருள் யாருக்கு?

கேள்வி: எங்கள் சங்கத்தின் துணைவிதிகளை ஆறு பேர் சேர்ந்து திருத்துகிறோம். வேர்டு கோப்பு மின்னஞ்சலில் சுற்றிச் சுற்றி வந்து, இப்போது நான்கு ‘இறுதிப் பிரதிகள்’ கையில் இருக்கின்றன. கூகுள் டாக்ஸுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம், ஆனால் எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பை முதலில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். கூகுள் டாக்ஸில் அவருக்கு எடிட்டர் உரிமையையும் மற்ற ஐவருக்கும் கமென்டர் உரிமையையும் கொடுத்தால், ஐவர் செய்யும் மாற்றங்களும் பரிந்துரைகளாகவே பதிவாகும்; மூல வாசகத்தை யாரும் ஓசைப்படாமல் மாற்றிவிட முடியாது. எனினும் துணைவிதிகளுக்கு என் தேர்வு வேர்டுதான். பிரிவு எண்களைக் கிராஸ் ரெஃபரன்ஸ் வசதியால் இணைத்திருந்தால், இடையில் ஒரு பிரிவை நீக்கும்போது ‘பிரிவு 14-ஐக் காண்க’ என்பது போன்ற குறிப்புகளையெல்லாம் ஒரே கட்டளையில் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் டிராக் சேஞ்சஸை இயக்கி, அதைப் பூட்டும் லாக் டிராக்கிங்கில் கடவுச்சொல்லும் இட்டுவிட்டால், திருத்துபவர் அதை அணைத்துவிட்டு வேலை செய்வதைப் பெரும்பாலும் தடுக்கலாம். கையில் உள்ள நான்கு பிரதிகளைக் கம்பைன் வசதி கொண்டு ஒவ்வொன்றாக இணைத்தால், வேறுபடும் இடங்கள் ஒரே கோப்பில் தெரிந்துவிடும்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கையெழுத்துப் பிரதியைக் கூகுள் டாக்ஸில் ஏற்றினால் ஒன்றும் புரியவில்லையே?

பதில்: பாமினி கோப்பில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே, மெய்யெழுத்தின் புள்ளிகூட அங்கே அரைப்புள்ளியாகத்தான் கிடக்கிறது. உங்கள் கணினியில் நிறுவிய எழுத்துருவைக் கூகுள் டாக்ஸ் எடுத்துக்கொள்வதில்லை என்பதால் அந்த மூலக் குறிகள் அப்படியே வெளிப்படுகின்றன. தமிழ் எழுத்துகளையே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒருமுறை முழுமையாக மெய்ப்புப் பார்த்த பிறகே கோப்பைக் குழுவிடம் கொடுங்கள்; இல்லையேல் எழுத்துரு மாற்றத்தில் விளைந்த பிழைகளும் ஆசிரியரின் பிழைகளும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடும்.

யூனிகோடிலும் ஒரு தொல்லை உண்டு. ‘கொடு’ என்பதைக் ‘கோடு’ என்று திருத்த உயிர்க்குறியை மட்டும் மாற்றினால், திருத்தத் தடத்தில் அந்தக் குறி எழுத்திலிருந்து பிரிந்து, புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கக்கூடும். முழுச் சொல்லையும் அழித்து மீண்டும் தட்டச்சு செய்வதே நல்லது. பார்ப்பவருக்கும் என்ன மாறியது என்பது உடனே விளங்கும்.

கேள்வி: பக்க வடிவமைப்பு முடிந்துவிட்டது. இனி எதில் திருத்துவது?

பதில்: பிடிஎஃப் கோப்பில், அதுவும் குறிப்புகளாக மட்டும். இலவசமான அக்ரோபாட் ரீடரிலேயே அடித்தல், இடைச்செருகல், ஒட்டுக்குறிப்பு ஆகிய மூன்றும் உள்ளன. ‘இங்கே சரியில்லை’ என்று எழுதாமல், சேர வேண்டிய வாசகத்தையே தட்டச்சு செய்துவிடுங்கள். தமிழ் அறியாத வடிவமைப்பாளரும் அதை நகலெடுத்து ஒட்டிவிடுவார்.

கேள்வி: வேர்டு வாங்கப் பணம் இல்லை.

பதில்: இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் போதும். வேர்டில் பதிவான திருத்தங்களை அதிலும் ஏற்கலாம், தள்ளலாம். சிக்கலான அட்டவணைகள் இருந்தால் மட்டும் திரும்ப அனுப்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருத்தங்களை மறைத்துவிட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பினேன், அவர் எங்கள் உள்விவாதத்தையெல்லாம் படித்துவிட்டார். எப்படி?

பதில்: வேர்டின் நோ மார்க்அப் என்பது திருத்தங்களைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர, கோப்பிலிருந்து நீக்காது. எல்லாவற்றையும் ஏற்றோ தள்ளியோ முடித்து, கமென்ட்களை அழித்து, மறைந்திருக்கும் விவரங்களைத் தேடி நீக்கும் டாக்குமென்ட் இன்ஸ்பெக்டரை ஓட்டிய பிறகு அனுப்புங்கள்; அதற்குமுன் உங்களுக்கென்று ஒரு நகலைத் தனியே சேமித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அப்படி நீக்கியவற்றை அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது.