தெருவில் நிற்கும் வேடிக்கையான நாய்ச் சிலையை வைத்து ஓவியத் தொடர் வரைய முடியுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாக முடியும். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஜின்னெக்க பிஸ் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பி டாம் ஃபிரான்ட்சன் 1998இல் செய்த வெண்கல நாய் அது. தெருமுனைக் குட்டைத் தூணில் காலைத் தூக்கியபடி நிற்கிறது. அதே ஊரின் மானெகன் பிஸ், சிறுநீர் கழிக்கும் சிறுவன் வடிவ நீரூற்று; இந்த நாயிடமிருந்தோ ஒரு சொட்டும் வராது. ஆகவே ஓவியத்திலும் நீர்த்தாரை வரையாதீர்கள். ஜின்னெக்க என்றால் அவ்வூர்ப் பேச்சில் கலப்பு நாய். கலப்புப் பூர்வீகம் கொண்ட பிரஸ்ஸல்ஸ்காரர்களுக்கும் அதே பெயர்தான்.

சிலைக்குப் பீடம் இல்லை. நடைபாதையிலேயே நிஜ நாய்போல நிற்கிறது. சிரிப்பு பிறப்பதே அங்கேதான். நின்றபடி போட்டோ எடுத்தால் முதுகுதான் பெரிதாக விழும். குத்துக்காலிட்டு, கேமராவைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் பிடியுங்கள். பின்னால் ஷூக்களும் சைக்கிள் சக்கரங்களும் வந்தால் விட்டுவிடுங்கள். வெற்றுப் பின்னணியில் நாயை வைத்தால் அருங்காட்சியகப் பொருளாகிவிடும்.

பலரும் சறுக்குவது இடுப்பில். கால் தூக்கிய பக்கம் இடுப்பு மேலேறும், உடல் எடை மற்றப் பின்னங்காலுக்கு நகரும், அந்தக் கால் உடலின் நடுக்கோட்டுக்கு அடியில் வந்து ஊன்றும். இடுப்பை மட்டமாக வரைந்தால் தூக்கிய கால் தனியாக ஒட்டவைத்ததுபோல் தெரியும், நாயும் சாய்ந்து விழுவதுபோல் இருக்கும். முதலில் முதுகெலும்பின் வளைவு, பிறகு இடுப்புச் சரிவு, கடைசியில்தான் கால்கள்.

வெண்கல நிறத்துக்குத் தனி டியூப் வாங்க வேண்டாம். இருளுக்கு பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) இரண்டு பங்கு, அல்ட்ராமரின் புளூ (அடர் நீலம்) ஒரு பங்கு. இருளுக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட நடுத்தொனிக்கு அதிலேயே யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) சேருங்கள். மேகமூட்ட நாளில் மேல்நோக்கிய பரப்புகள் வானத்தை வாங்கிக் குளிர்ந்த சாம்பலாகும். வயிற்றடியில் தரையின் நிறம் ஏறும். ஒளிப்புள்ளிகள் சிறிதாக, கூர்மையாக, ஆழ்ந்த இருளை ஒட்டியே இருக்கட்டும். வெறும் வெள்ளையைப் பரவலாக வைத்தால் பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும்.

முகத்தில் சிரிப்பைச் சேர்க்காதீர்கள். தன் வேலையில் அது மும்முரமாக இருப்பதுதான் அழகு.

தொடருக்கு ஒரே கோணத்தில் 30×40 செ.மீ. அளவில் ஆறு படங்கள் போதும்: மழை, வெயில், இரவு விளக்கு என்று ஒளி மட்டும் மாறட்டும். விற்பதாக இருந்தால் காப்புரிமையையும் பாருங்கள். பொது இடச் சிலைகளை அவை இருக்கும் இடத்தில் இருக்கிறபடியே காட்ட 2016 முதல் பெல்ஜியச் சட்டம் இடம் தருகிறது. நாயை மட்டும் வெட்டியெடுத்து டி-ஷர்ட்டில் அச்சடிப்பதாக இருந்தால் சிற்பியிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.