தம்புரான் திரும்பி வந்த கதை

கேள்வி: மலையாள சினிமா கேரளத்தின் மண்ணையும் சமூக மாற்றத்தையும் உள்ளது உள்ளபடி காட்டுகிறது. நம்மவர்கள் எப்போது திருந்துவார்கள்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நம்மவர்கள் திருந்துவது இருக்கட்டும். 'உள்ளது உள்ளபடி' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஓடிடியில் பார்த்த பத்துப் பதினைந்து நல்ல படங்களை வைத்து இந்த முடிவுக்கு வந்திருப்பீர்கள். கும்பளங்கியின் காயலும் மலப்புரத்தின் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) கால்பந்தும் அழகுதான், மறுக்கவில்லை. நிலம் என்ற ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.

1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி குத்தகை நிலம் குத்தகைக்காரருக்கே சொந்தமாகத் தொடங்கியது. தறவாடுகள், அதாவது நிலவுடைமைக் கூட்டுக் குடும்பங்கள், ஆட்டம் கண்டன. எண்பதுகளின் தொடக்கத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' வந்தது. அதில் வரும் தறவாட்டுக் காரணவர் (குடும்பத் தலைவர்) உண்ணி, எதற்கெடுத்தாலும் தங்கையைக் கூப்பிடுகிற ஆள். உழைக்கத் தெரியாது, முடிவெடுக்க வராது, வெளியுலகம் என்றாலே பயம். ஒரு சட்டம் எழுதப்பட்ட பிறகு ஒரு மனிதனின் உடம்பும் புத்தியும் என்ன ஆகின்றன என்று அந்தப் படம் காட்டியது. இதை 'உள்ளபடி' என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம்? தொண்ணூறுகளில் அதே காரணவர் மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். 'தேவாசுரம்' (1993), 'ஆறாம் தம்புரான்' (1997), 'நரசிம்மம்' (2000). இரண்டாவது படத்தில், மும்பையிலிருந்து வரும் நாயகன் கோவிலகத்தை (பழைய அரச குடும்ப மாளிகையை) தனதாக்கிக்கொண்டு ஊருக்கே தம்புரான், அதாவது எஜமான், ஆகிறான். தியேட்டரில் விசில். சட்டம் பறித்ததைத் திரை திருப்பிக் கொடுத்தது. விசிலடித்தவர்களில் அந்தத் தறவாடுகளுக்குப் பாட்டம் (குத்தகை நெல்) அளந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்! இதையும் பிரதிபலிப்பு என்று சொல்லலாம்தான். எதைப் பிரதிபலித்தது? மாற்றத்தையா, மாற்றத்தின் மேல் இருந்த எரிச்சலையா?

அந்தச் சட்டத்திலும் எல்லாருக்கும் வயல் கிடைத்துவிடவில்லை. சேற்றில் இறங்கி வேலை செய்த தலித் கூலிகள் குத்தகைக்காரர் கணக்கிலேயே வரவில்லை. அவர்களுக்கு வாய்த்தது குடியிருந்த மண், கிராமத்தில் 10 சென்ட் வரை. அந்தத் துண்டு மண்ணும் கைவிட்டுப் போய் அதன்மேல் கொச்சி நகரம் எழுந்த கதையை ராஜீவ் ரவி 'கம்மட்டிப்பாடம்' என்று எடுத்தது 2016இல்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். தன் வீட்டுக் கட்சி அரசியலைக் கிண்டல் செய்வதில் மலையாளிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வளைகுடாவில் சம்பாதித்த பணத்தில் பஸ் வாங்கியவன் தொழிற்சங்கத்திடம் படும் பாட்டை 1989இலேயே 'வரவேல்ப்பு' காட்டியது. 'சந்தேசம்' (1991) படத்தில் வரும் 'போலந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே' என்ற வசனத்தைக் கட்சிக்காரர்களே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பெண்கள் விஷயம் வேறு. முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் உங்கள் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோசியை ஆதிக்க சாதியினர் ஊரைவிட்டே துரத்தினார்கள். பழைய கதை என்பீர்கள். 2017இல் ஒரு நடிகைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட ஹேமா கமிட்டி, 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில், அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு. அறிக்கை தூங்கிக்கொண்டிருந்த இடைவெளியில்தான், 2021இல், அடுக்களையில் அடைபட்ட மனைவியைப் பற்றிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' வந்தது. மலையாள சினிமாவின் துணிச்சலைப் பற்றி நாமெல்லாம் எழுதித் தள்ளினோம்.