முதலில் காது, அப்புறம் குரல்

அன்புள்ள அக்கா,
எனக்கு வயது 23. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை. சனிக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தருகிறேன். குரல் பயிற்சியாளர் ஆக வேண்டும் என்று ஆசை. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருக்கும் அப்பா, “அதெல்லாம் ஒரு வேலையா?” என்கிறார். இணையத்தில் ஒருவர் 1,800 வெள்ளிக்கு ஆறே வாரத்தில் சான்றிதழ் தருகிறாராம். சேரலாமா? இன்னொன்று, என்னிடம் படிக்கும் 13 வயதுப் பையனின் குரல் திடீர் திடீரென்று உடைகிறது. பாட வேண்டாம் என்று சொல்லிவிடவா?
— ஒரு வாசகி

தங்கச்சி, அந்த 1,800 வெள்ளி இப்போதைக்கு உன் கணக்கிலேயே இருக்கட்டும். பேச்சு சிகிச்சையாளர்களுக்கு நம் மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குரல் பயிற்சியாளர் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வரமாட்டார். அதனால் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம். ஆறு வாரத்தில் ஒருவருக்குப் பாடம் ஒப்பிக்க வரும், காது பழகாது.

இந்தத் தொழிலுக்கு முதல் மூலதனம் காதுதான். மனுவேல் கார்சியா என்று ஸ்பெயின் நாட்டுப் பாட்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். 1854-இல் பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, வெயிலைப் பிடித்து, தன் குரல் நாண்களைத் தானே பார்த்தவர். அதற்கு முன் பல வருடம் காதை மட்டும் நம்பித்தான் பாடம் நடத்தியிருக்கிறார். (101 வயது வரை வாழ்ந்தார். மூச்சுப் பயிற்சியின் புண்ணியமோ என்னவோ!)

நீயும் அப்படியே ஆரம்பி. கைப்பேசியில் பத்துப் பேரின் குரலைப் பதிவு செய். கோயிலில் பாடுகிறவர், தமிழ்ப்பள்ளி டீச்சர், பாசார் மாலாமில் கூவி விற்கிறவர், எல்லாரையும் சேர்த்துக்கொள். மூச்சு எடுக்கும்போது தோள் ஏறுகிறதா, தாடை இறுகுகிறதா, வரியின் கடைசியில் சுருதி சரிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வை. ஒரு வாரம் கழித்து நோட்டைத் திறக்காமல் பதிவை மட்டும் கேள். தோள் ஏறியது காதுக்குத் தெரிகிறதா? தெரியும் வரை கேள்.

பத்துப் பேரில் உன் அப்பாவும் ஒருவராக இருக்கட்டும். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கடைசி வரிசை வரைக்கும் குரலை எட்ட வைக்கிறவர் அவர். அதைத் தொண்டையில் செய்கிறாரா, வயிற்றிலா என்று கேட்டுப் பார். அவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

உன் ஊரில் உனக்கு வரப்போகிறவர்கள் பெரும்பாலும் பாடகர்களாக இருக்கமாட்டார்கள். ஆசிரியர்கள், கல்யாண மண்டப அறிவிப்பாளர்கள், பேச்சுப் போட்டிப் பிள்ளைகள். நான் தற்காலிக ஆசிரியையாக இருந்தபோது, தகரக் கூரையில் மழை கொட்ட, அதற்கு மேல் கத்தி, மூன்றாம் மாதம் குரலே போய்விட்டது. பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதுகின்றன. ஒரு நாள் முழுக்கக் கத்தினால் என்ன ஆகும், கணக்குப் போட்டுப் பார். தண்ணீர்க் குவளையில் ஸ்ட்ரா வைத்து, குமிழி வர ‘ஊ’ என்று ஊதும் பயிற்சி அந்த மோதலை மென்மையாக்கும். அன்று இதை யாராவது சொல்லியிருந்தால் என் பிழைப்பு கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

படிப்புக்கு வருவோம். பாட்டுக்கு கர்நாடக சங்கீதத்தை விடாதே. ‘ஆ’ என்று மட்டும் இழுத்துப் பாடிப் பழகும் அகார சாதகத்துக்கு ஈடான மூச்சுப் பயிற்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. கோலாலம்பூர் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் வாய்ப்பாட்டு வகுப்பு உண்டு. பட்டம் வேண்டுமென்றால் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கலாம். உன் ஊரும் அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. ஆனால் உன் இடத்தில் நானாக இருந்தால், டிரினிட்டி லண்டன் நடத்தும் பேச்சு, நாடகத் தேர்வுகளைக் கிரேடு கிரேடாக எழுதுவேன். வேலையை விடாமல் செய்யலாம். கிராணி சம்பளத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதே.

ஒரு எல்லையை மட்டும் தாண்டாதே. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அது உன் வேலை இல்லை. கிளினிக்கில் கடிதம் வாங்கி, ஈப்போவில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல். கஷாயம், தேன் என்று நீ வைத்தியம் ஆரம்பித்தால் யாருக்கும் நல்லதில்லை. சிகிச்சையின் பக்கமே உன் ஆர்வம் திரும்பினால், பேச்சு சிகிச்சைப் பட்டப்படிப்பு மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

சரி, அந்தப் பையன். நிறுத்தாதே. குரல்வளை வளர்வதால் அவன் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கப் போகிறது. அவனுக்கு மட்டும் சுருதியைக் குறைத்து, நோகாமல் வரும் ஐந்தாறு சுரங்களுக்குள் பாட வை. மேல் ஸ்தாயிக்கு மற்றவர்கள் போகும்போது அவன் தாளம் போடட்டும். குரல் உடையும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், அதை மட்டும் நீ பார்த்துக்கொள்.