வாசகர் கேள்வி: ஃப்ளைவீல் போல்ட் ஏன் முறிகிறது?

கேள்வி: என்னிடம் இருப்பது சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 948 சி.சி. எஞ்சினை முழுசாக ஓவர்ஹால் செய்து சில மாதங்களே ஆகின்றன. ஐடிலில் 'டொக் டொக்' சத்தம். கிளட்சை மிதித்தால் சத்தம் மாறும். பேரிங் என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்கினால், ஃப்ளைவீலின் (எஞ்சின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) நான்கு போல்ட்டில் மூன்று முறிந்திருக்கின்றன. புது போல்ட் மாட்டினால் போதுமா?
– வாசகர், வேலூர்

பதில்: போதாது. அதே காரணம் உள்ளே இருந்தால் புது போல்ட்டும் முறியும்.

ஃப்ளைவீலைச் சுழற்றும் விசையைப் பெரும்பாலும் தாங்குவது போல்ட் அல்ல. போல்ட்டின் இறுக்கத்தால் கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) முகத்துக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையில் உண்டாகும் பிடிப்புதான். இறுக்கம் குறைந்தால் ஃப்ளைவீல் நுணுக்கமாக அசைகிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் போல்ட் வளைந்து நிமிர்கிறது. முறிந்த முகத்தைப் பாருங்கள். வழவழப்பாக, வளைந்த வரிகளோடு இருந்தால் இப்படித் தளர்ந்து களைத்து முறிந்தது. இடுப்பு சுருங்கி நீண்டிருந்தால் அளவுக்கு மீறி முறுக்கியது.

ஓவர்ஹாலுக்குப் பின் இறுக்கம் குறைவதற்கு வழக்கமான காரணங்கள்: கிராங்க் முகத்தில் பெயின்ட், துரு, பிசிறு, ஃப்ளைவீலை இடத்தில் நிறுத்தும் டவல் பின் இல்லாமலோ தளர்ந்தோ இருப்பது, முறுக்கு விசையை (டார்க்) அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையால் முறுக்கியது, துளையின் அடியில் இடிக்கிற நீளமான போல்ட். கடைசியில் சொன்னது ஏமாற்றும்: டார்க் சரியாகக் காட்டும், ஆனால் ஃப்ளைவீல் பிடிபட்டிருக்காது. தலைவரை மரை வெட்டிய சாதாரண போல்ட்டும் வேண்டாம். இரண்டு முகங்களும் சேரும் இடத்தில் மரை விழுந்தால் அங்கிருந்தே விரிசல் கிளம்பும்.

முறிந்த துண்டை எடுப்பது பயந்த அளவு கஷ்டமில்லை. தலை போனதும் இழுவிசையும் போய்விடும். பல சமயம் கூர்மையான கம்பியால் விளிம்பைத் தட்டியே சுழற்றி எடுக்கலாம். வராவிட்டால் நடுவில் சென்டர் பஞ்ச், பிறகு 3 மி.மீ. இடது சுழற்சி ட்ரில். அதுவே பிடித்துச் சுழற்றி வெளியே கொண்டுவரும். உடைந்த போல்ட்டைத் துளைக்குள் பிடித்துச் சுழற்றும் ஈசி அவுட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும். அது உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் ஏறாது.

பிறகு மரையை 3/8 அங்குல யு.என்.எஃப். (நுண் மரை), அதாவது அங்குலத்துக்கு 24 மரை உள்ள டேப்பால் (மரை வெட்டும் கருவி) சுத்தம் செய்யுங்கள். பிரிட்டிஷ் நுண் மரையான பி.எஸ்.எஃப்.பில் 20தான், மாற்றிப் போட்டால் மரை நாசம். ஃப்ளைவீலின் துளைகள் நீள்வட்டமாகியிருந்தால் அந்த ஃப்ளைவீல் வேண்டாம். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் எஞ்சின் பின்பக்கத் த்ரஸ்ட் வாஷர்களையும் பாருங்கள். இந்த எஞ்சினின் பலவீனம் அது. கிராங்க் முன்னும் பின்னும் 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான் ஆடலாம்.

மாட்டும்போது நான்கும் புது போல்ட், தலையில் ஆறு கோடுள்ள கிரேடு 8. மரை குறைந்தது 12 மி.மீ. ஏற வேண்டும், அடியில் 2 மி.மீ. இடம் இருக்க வேண்டும். ஸ்பிரிங் வாஷர் வேண்டாம். மரையை பிரேக் கிளீனரால் துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக் பசை இரண்டு சொட்டு. துளை மறுபக்கம் திறந்திருந்தால் இதுவே ஆயில் கசிவையும் தடுக்கும். ஃப்ளைவீல் விளிம்பிலுள்ள பல் சக்கரத்தைப் பட்டைக் கம்பியால் தடுத்து, குறுக்குக் குறுக்காக 20, 35, பிறகு 44 பவுண்டு-அடி. கடைசியில் டயல் கேஜ் வைத்து ஃப்ளைவீல் முகத்தின் ஆட்டத்தைப் பாருங்கள். பார்க்கும்போது கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடிக்காவிட்டால் காட்டும் எண் பொய்.

கேள்வி: மரை ஒன்று தேய்ந்துவிட்டது. 10 மி.மீ. டேப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் லேத் கடைக்காரர். சரியா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். பழைய மரையின் வெளி விட்டம் 9.5 மி.மீ.; 10 மி.மீ.க்குத் துளையிடுவது 8.8 மி.மீ. மட்டுமே. பழைய பள்ளம் மீதமிருக்கும், புது மரை அரைகுறையாகும். ஒரு துளை மட்டும் என்றால் ஹெலிகாயில் (துளைக்குள் செருகும் கம்பிச் சுருள் மரை). நான்கையும் பெரிதாக்குவதென்றால் 7/16 யு.என்.எஃப்.; அதற்கு 9.9 மி.மீ. துளை, பழைய மரை முழுசாகப் போய்விடும். ட்ரில்லிங் மெஷினில் செங்குத்தாகச் செய்து, ஃப்ளைவீல் துளைகளையும் அதே அளவுக்கு ரீம் செய்து (துல்லியமாகப் பெரிதாக்கி) கொள்ள வேண்டும். அப்போது 44 என்ற எண் பொருந்தாது. வாங்கும் போல்ட்டுக்குரிய டார்க்கைப் பின்பற்றுங்கள்.