குழம்புக்கு முன் எடுத்து வைத்த காய்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். கோவில்பட்டிப் பக்கமிருந்து கன்னி இன வேட்டை நாய்க்குட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறோம். மூன்று மாதம் ஆகிறது, ஐந்து கிலோ இருக்கிறது. எங்கள் வீடு சைவம். அப்பா, "அந்தக் காலத்து நாயெல்லாம் கம்பங்கூழும் குழம்புச் சோறும் தின்னுதான் வளந்துச்சு, இதையும் காய்கறி போட்டே வளத்துருவோம்" என்கிறார். என் வீட்டுக்காரரின் தம்பியோ, "வேட்டை நாய்க்குக் காயைப் போட்டுக் கெடுத்துராதீங்க மதினி, கறி மட்டும்தான் குடுக்கணும்" என்கிறார். காய்கறி கொடுக்கலாமா? எதைக் கொடுக்கலாம்? வாய்க்கால் கரையில் அருகம்புல்லைக் கடித்துத் தின்கிறது, அது வயிற்றுக் கோளாறா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

காய்கறி கொடுக்கலாம். ஆனால் உங்கள் அப்பா காய்கறியையும் குழம்புச் சோற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்குப் பதறியது. ஏனென்று சொல்கிறேன்.

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி, நம் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. பந்தி முடிந்ததும், பிள்ளைகள் இலையில் ஒதுக்கிய உள்ளியும் (சின்ன வெங்காயம்) பூண்டும் அடியில் தங்கிய சொதியுமாக ஒரு கும்பா நிறையச் சோறு பிசைந்து எங்கள் நாய்க்கு வைத்தேன். நக்கித் துடைத்துவிட்டது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு! மூன்றாம் நாள் அது எழுந்திருக்கவில்லை. மூத்திரம் கருங்காப்பி நிறத்தில் போனது. ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஐந்தாம் நாள் விடியுமுன் செத்துப்போனது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று தெருவே பேசியது. நானும் அதைத்தான் பல வருஷம் நம்பினேன். பிறகு ஒருநாள் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அன்னைக்கு என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

உள்ளி, பல்லாரி என்கிற பெரிய வெங்காயம், வெள்ளைப்பூடு மூன்றிலும் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடைந்த அணுக்களின் நிறம்தான் மூத்திரத்தில் வருவது. தின்ற அன்றைக்கே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் காட்டும். அதனாலேயே யாரும் சாப்பாட்டைச் சந்தேகப்படுவதில்லை. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே இரத்தத்தில் பாதிப்பு தெரிந்திருக்கிறது. உங்கள் குட்டிக்குக் கணக்குப் போட்டால் 75 கிராம், ஒரு சின்னக் கை அள்ளுகிற உள்ளி. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் கேடு சேரும்.

குழம்பில் ஊற்றுகிற புளியும் கேடுதான். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் 2021இல் சொன்னார்கள். மறுவருஷம், புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் எழுதினார்கள். நம் புளியில் அந்த அமிலம் நிறையவே உண்டு. தெருநாய் காலங்காலமாக ரசச்சோறு தின்கிறதே என்று அப்பா கேட்பார். தெருவில் செத்த நாய்க்கு யார் காரணம் தேடினார்கள், தங்கச்சி? எங்கள் வீட்டு நாய்க்கே நான் தேடவில்லையே.

இனி கூழுக்கு வருகிறேன். அப்பா சொல்வது பொய்யில்லை. கழுகுமலை, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் வீடுகளில் கன்னி கம்பங்கூழும் சோளக்கூழும் மோரும் குடித்துத்தான் வளர்ந்தது. அதைச் செரிக்கிற வயிறும் அதற்கு உண்டு. மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு நகல்தான் இருக்கிறது, நாயிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருக்கிறது என்று 2013இல் வந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ வந்த பிறகு கிடைத்த வயிறு அது. ஆகவே உங்கள் கொழுந்தன் சொல்வதுபோல நாய் வெறும் கறி தின்னும் பிராணி இல்லை.

ஆனால் கூழ் குடித்து வளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் முயலை விட்டுவிடுகிறார்கள். அந்த நாய்கள் வேட்டைக்குப் போயின. முயலில் பங்கு கிடைத்தது. காட்டில் எலியும் ஓணானும் தாமாகவே பிடித்துத் தின்றன. கூழில் இல்லாததை அங்கே எடுத்துக்கொண்டன. இன்றைக்கு முயல் வேட்டை சட்டப்படி குற்றம். அது சரிதான். உங்கள் குட்டியோ காம்பவுண்டுக்குள் வளர்கிறது. அதற்குக் கூழை மட்டும் கொடுத்தால் பழைய நாயின் சாப்பாட்டில் பாதியைத்தான் கொடுத்ததாக ஆகும்.

வளர்கிற குட்டியின் சாப்பாட்டில் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு 22 பங்காவது புரதம் வேண்டும். அரிசியில் ஏழெட்டுத்தான். சுரைக்காயிலும் தடியங்காயிலும் (வெண்பூசணி) பெரும்பகுதி தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் வேண்டும், இல்லாவிட்டால் கன்னியின் அந்த நெட்டைக் கால்கள் வளைந்துபோகும். வெயிலில் நின்றால் நமக்கு ஊறுகிற வைட்டமின் டி நாய்த் தோலில் போதிய அளவு ஊறாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். முட்டையாவது வீட்டுக்குள் வரலாமா என்று அப்பாவிடம் கேளுங்கள். அதுவும் கூடாது என்றால் குட்டிகளுக்கென்று விற்கிற தீவனத்தை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டியை ஒருமுறை அங்கே தூக்கிக்கொண்டுபோய், எடை பார்த்து, என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டு நெறியை நான் குறை சொல்லவில்லை. அந்த நெறி குட்டி எடுத்துக்கொண்டது இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இவ்வளவும் சரியாக இருக்கும்போது, காய் பத்தில் ஒரு பங்கு சேரட்டும். மலம் சீராகப் போகும். பின்னாளில் உடம்பு போட்டால் வயிறு நிறைக்கவும் உதவும். கேரட்டில் இருக்கிற சத்தை நாய் தன் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனையால் அது முடியாது.

சொதி வைக்கிற அன்றைக்கே ஆரம்பிக்கலாம். கேரட், பீன்ஸ் நறுக்கும்போதே ஒரு கைப்பிடி தனியே எடுத்து, உப்பு, மிளகாய், உள்ளி எதுவும் படாமல் வெறும் தண்ணீரில் குழைய வேகவைத்து, மசித்துச் சோற்றோடு பிசையுங்கள். மசிப்பது முக்கியம். நாய்க்கு நம்மைப் போல அரைத்து மெல்ல வராது, காயின் நாரைச் செரிக்கவும் முடியாது. துண்டாகப் போட்ட கேரட் மறுநாள் துண்டாகவே வெளியே கிடப்பதைப் பார்ப்பீர்கள். பூசணி, சுரை, தடியங்காய், பீர்க்கு எல்லாம் நல்லது. சீனிக்கிழங்கை (சர்க்கரைவள்ளி) அவித்துத் தோலுரித்துக் கொடுக்கலாம், இனிப்புக்கு ஓடிவரும். முருங்கைக்காயில் சதையை மட்டும் வழித்துப் போடுங்கள். முட்டைக்கோஸ் வாயு, நான் கொடுப்பதில்லை. மரச்சீனியும் (மரவள்ளி) சேம்பும் பச்சையாக வாய்க்கு எட்டவே கூடாது. பழுக்காத தக்காளியும் பச்சை பாய்ந்த உருளையும் வேண்டாம். மக்காச்சோளக் கட்டையையும் மாங்கொட்டையையும் உடனே குப்பையில் போட்டு மூடிவிடுங்கள். விழுங்கினால் குடலை அடைத்து, அறுவை வரைக்கும் கொண்டுவிடும். புதுக் காய் எதுவானாலும் முதல் நாள் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

அருகம்புல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல சுகமாக இருக்கிற நாயும் புல் தின்னும். தின்றுவிட்டு அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, சோறு மறுத்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் கூட்டிப்போவது பாளையங்கால்வாய்க் கரை என்றால், பிசான நெற்பயிருக்கு மருந்து அடிக்கிற நாட்களில் வரப்புப் பக்கம் மட்டும் விடாதீர்கள். அந்தப் புல்லில் மருந்து படிந்திருக்கும்.

அன்புடன்,
அண்ணாச்சி